மூணெழுத்தும் தேரிக்கு வந்த ஒட்டகங்களும்

பங்குனி பிறந்து மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, தேரிக்காட்டில் பதநீர் இறக்கப் பனையேறிய தவசிக்கனி, உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கலயத்தை அவிழ்த்துக்கொண்டே கீழே பார்த்தபோது, நேற்றுவரை செம்மணலும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத பள்ளத்தில் ஆட்டுமயிரால் நெய்த கறுப்புக் கூடாரங்கள் முப்பத்தெட்டு நின்றன. அவற்றைச் சுற்றி ஒட்டகங்கள், மடக்கிய முழங்காலில் கயிறு கட்டப்பட்டு, படுத்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. தவசிக்கனி அவசரப்படவில்லை. பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைத் திரும்பக் கட்டி, அடுத்த மூன்று மரங்களையும் முடித்து, பதநீரைத் தோளில் சுமந்து, கூடாரங்களுக்கு ஊடே நடந்து தேரிப்பட்டணத்துக்குள் வந்து, பெரிய பள்ளிவாசல் குளத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த, ஊருக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காழியாரிடம் சொன்னான்.

"காழியாரே, உங்க ஆளுவ வந்திருக்காவ."

"எங்க ஆளுன்னா யாருப்பா?"

"நீங்க ஓதுறதை அவுக பேசுதாவ."

ஆச்சரியப்பட ஊருக்கு நேரமில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு நான்கு மணி நேரமே இருந்தது, வாசலில் விருந்தாளிகள் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். ஆறு தெருவிலும் அடுப்பு மூட்டி, தேங்காய்ப்பால் சோறும் ஆட்டுக்கறியும் வேகவைத்துச் சுமந்து போனார்கள். கூடாரத்துக்காரர்கள் தின்று கைகழுவிய பிறகு, வந்த வழியைச் சொன்னார்கள். அவர்கள் பாலைவனத்தில் மூன்று வருசம் மழையில்லை. ஒருநாள் கிழக்கே மின்னல் கண்டது. ஒரே திசையில் எழுபது மின்னல் எண்ணிவிட்டால் அங்கே மழை தப்பாது என்பது அவர்கள் முன்னோர் வாக்கு. ஆகவே எண்ணிக்கொண்டே நடந்தார்கள். அறுபத்தொன்பதாவது மின்னலில் கடல் குறுக்கிட்டது, எழுபதாவது கடலுக்கு அப்பால் மின்னியது, சரியென்று நடந்தார்கள். இப்போது ஆளும் அரசர் யாரென்று கேட்டபோது அவர்கள் சொன்ன பெயர், காழியார் வீட்டுச் சரித்திரப் புத்தகத்தில் தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னால் மவுத்தானவருடையது. விருந்தாளியிடம் சாவுச் செய்தி சொல்வது முறையல்ல என்று காழியார் பேச்சை மாற்றி, இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொன்னார்.

பத்து நாளில் எல்லாம் பழகிப்போயிற்று. ஒட்டகங்கள் உடைமரத்து முள்ளைத் தின்றன, தின்ன வேண்டாமென்று சொன்ன வேலியையும் தின்றன. கூடாரத்துப் பெண்கள் ஊர்க்கிணற்றில் நீர் சேந்த வந்து, வாளிக்காக வரிசையில் நிற்கவும், வரிசையில் முந்துகிறவளை ஏசவும் கற்றுக்கொண்டார்கள். கருப்பட்டியை முதன்முதலில் வாயில் போட்ட அவர்கள் தலைவர், சற்றுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, இந்த மரத்தின் சொந்தக்காரன் எந்த அரசன் என்று கேட்டார், தவசிக்கனியைக் காட்டினார்கள், அன்றிலிருந்து தவசிக்கனி கடந்துபோனால் எழுந்து நின்றார். பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊர்வலத்தின் முன்னால் நடக்க இரண்டு ஒட்டகம் கேட்டு வந்தார்கள், கொடுத்தனுப்பினார்கள். தாசில்தார் குதிரைவண்டியில் வந்து இறங்கி, கூடாரங்களைச் சுற்றிப் பார்த்து, தன்னிடமுள்ள எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனால் தேரிப்பட்டணத்துக்கு அவர்களால் கிடைத்த பெரிய பாக்கியம் அவர்களுடைய பேச்சு. ஊர் ஆண்கள் புத்தகத்தில் படித்த அரபியைத் துறைமுகங்களில் பேசினால், கப்பலேறி வரும் அரபிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்; ஓதுகிற மொழியில் மீன் விலை கேட்கிறானே என்பார்கள். தேரிக்கு வந்தவர்களோ அந்தப் பழைய மொழியை, ஒவ்வொரு சொல்லின் கடைசி ஓசையும் கெடாமல், ஆடு விரட்டுவதற்கும் பிள்ளையை அதட்டுவதற்கும் சர்வசாதாரணமாகப் பேசினார்கள். அதைக் கேட்டு ஊரில் இரண்டு பேருக்கு மட்டும் உறக்கம் போயிற்று. அவர்கள் அகராதிக்காரர்கள்.

ஒருவர் உவைஸ் லெப்பை, மேலத்தெரு. அரபிச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலையில் இருபத்திரண்டு வருசமாக இருந்தார். எழுத்துகளை அவர் அடுக்கியது, முற்காலத்து முதல் அகராதி ஆசான்கள் சிலர் அடுக்கியதைப் போல, தொண்டையின் அடியில் பிறக்கும் எழுத்தில் தொடங்கி, நாக்கு, பல் என்று மேலேறி, உதட்டில் முடியும் வரிசையில். இன்னொருவர் கீழத்தெரு மொகுதூம் ஆலிம். அவரும் இருபத்திரண்டு வருசம். ஆனால் பிற்காலத்து ஆசான்கள் வழியில், சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுக்கினார், வரிக்கடைசி ஓசை தேடிப் பாட்டுக்கட்டுகிறவனுக்கு அதுதான் கைகொடுக்கும் என்று. ஊர் முதலாமவரைத் தொண்டை லெப்பை என்றும் இரண்டாமவரை வால் ஆலிம் என்றும் அழைத்தது. இருவரும் ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள். ஒரே வரிசையில் நின்றதில்லை.

இவர்கள் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டவள் மைமூன் நாச்சி.

மைமூன் நாச்சிக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை இத்ரீஸ், பாய்மரக் கப்பலில் சரக்கு மேற்பார்வை. ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் வந்து நாற்பத்தொரு நாள் இருந்தான், மெல்லிய குரலில் பேசினான், மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைத்தான், கப்பலேறினான். எட்டாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழில் ஆறு வரி: சுகம், காற்று மோசம், மாமிக்குச் சலாம், இந்த மாதிரி. ஏழாவது வரி சுத்த அரபி. அதில் இருந்தது ஒரே சொல், அவளைப் பார்த்துச் சொன்ன சொல், மூன்றெழுத்து வேரில் பிறந்த ஒரு வினை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை.

காழியார் கடிதத்தை இரு அகராதிக்காரர்களுக்கும் அனுப்பினார். அந்தச் சொல்லுக்கு "ஒட்டகத்தின் முழங்கால் கயிற்றை அவிழ்த்து, இனி எங்கும் மேயட்டும் என்று விட்டுவிடுதல்" என்று பொருள், ஆகவே இது தலாக், கல்யாணம் முறிந்தது என்று தொண்டை லெப்பை எழுதி, பழைய பாட்டு மூன்றைச் சான்று காட்டினார். அதே சொல்லுக்கு "ஏறிப் பயணம் போவதற்காக ஒட்டகத்தின் கயிற்றை அவிழ்த்து ஆயத்தமாக்குதல்" என்று பொருள், ஆகவே புருசன் உன்னை அழைத்துப் போக வருகிறான், காத்திரு என்று வால் ஆலிம் எழுதி, பழைய பாட்டு நான்கைச் சான்று காட்டினார். காழியார் நிதானக்காரர். ஏழு பாட்டையும் வாசித்தார். ஏழும் சரியாக இருந்தன. அல்லாஹ்வுக்கே வெளிச்சம் என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படியே பதினொரு வருசம். கல்யாண வீடுகளில் வாழ்கிற பெண்கள் ஒரு பாயிலும், புருசனை இழந்தவர்கள் உள்ளறையிலும் உட்கார்வார்கள். மைமூன் நாச்சிக்கு எந்த இடம் என்று யாருக்கும் தெரியாததால் அவள் இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் நின்றாள், நின்றபடியே சாப்பிட்டாள். தட்டு எடுத்துப் போகிறவர்கள் "லாத்தா, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கோ" என்பார்கள், ஒதுங்குவாள். அவளைப் பெண்கேட்டு யாரும் வர முடியாது. புருசனை இழந்தவள்போல வீட்டுக்குள் இத்தா இருந்து வெள்ளை உடுத்தவும் முடியாது. இத்ரீஸின் உம்மா பெருநாள்தோறும் மருமகளுக்கென்று சேலையும் பலகாரமும் அனுப்பினாள். அவற்றை வாங்கினால் ஒரு பொருள், திருப்பினால் ஒரு பொருள் என்பதால், மைமூன் ஒவ்வொரு வருசமும் வாங்கி, உடுத்தாமல் வைத்தாள்.

ஊருக்கும் அந்தச் சொல்லால் சங்கடம் வந்தது. பொருள் தீராத சொல்லை ஒரு ஆண் வாய்தவறிச் சொல்லிவிட்டால் தன் வீட்டில் என்ன ஆகுமோ என்ற பயத்தில், அந்தச் சொல்லை ஆண்கள் அறவே விட்டார்கள். பேச்சில் "மூணெழுத்து" என்றார்கள். மதரசாவில் பழைய பாட்டை உரக்கப் படிக்கிறவர் அந்த இடம் வந்ததும் ஒருமுறை இருமினார், கேட்கிறவர்கள் புரிந்துகொண்டார்கள். போகப்போக அந்த இருமலே சொல்லாகிவிட்டது. அடைமழை மாதத்தில் உண்மையிலேயே இருமியவர்கள் இது வெறும் சளி என்று மனைவியிடம் சொல்லிவிட வேண்டியிருந்தது. கதை சொல்கிறவனும் அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை, அவனுக்கும் குடும்பம் உண்டு. பெண்கள் சொன்னால் தலாக் ஆகாது என்பதால் அவர்கள் மட்டும் அதைத் தாராளமாகச் சொன்னார்கள், அம்மியில் அரைக்கும்போதும் சொன்னார்கள்.

மைமூன் நாச்சி அழுதது முதல் வருசம் மட்டும்தான். இரண்டாம் வருசம் அவளுக்குக் கோபம் வந்தது. தன் வாழ்க்கையை ஒரு சொல் பிடித்து வைத்திருக்கிறதென்றால் அந்தச் சொல் குடியிருக்கிற வீட்டுக்கே போய்ப் பார்ப்போமென்று, பெண்கள் ஓதும் தைக்காவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அரபி இலக்கணம் படித்தாள். அவளைத் தம் பக்கம் இழுக்க நினைத்து அகராதிக்காரர் இருவருமே தங்கள் அகராதிக் கட்டுகளைப் படிக்க அனுப்பினார்கள். அவள் இரண்டையும் பிரதியெடுத்தாள். பிரதியெடுக்கும்போது, ஒருவர் செய்த தவறு மற்றவரிடம் இல்லையென்றும், மற்றவர் விட்டது இவரிடம் உண்டென்றும் கண்டாள். ஏழாம் வருசம் தானே மூன்றாவதாக ஒன்று எழுதத் தொடங்கினாள், தொண்டையில் தொடங்காமல், வாலைப் பிடிக்காமல், வேரின் முதலெழுத்தை வைத்து. ஏன் இப்படி என்று அவள் உம்மா கேட்டதற்கு, "தேடுறவளுக்கு லேசா இருக்கணும் உம்மா" என்றாள். அதில் ஆயிரமாயிரம் சொற்கள் ஏறின. மூணெழுத்துக்கு மட்டும் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தாள்.

தேரிக்கு ஆள் வந்ததும் அகராதிக்காரர் இருவரும் மைக்கூட்டோடு ஓடினார்கள். பழங்காலத்தில் நகரத்து அகராதி ஆசான்கள் பாலைவனத்து மக்களிடம்தான் சொல் கேட்கப் போவார்கள். ஒரு ஆசானைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துப் போய் நாடோடிக் கூட்டத்தோடு வைத்திருந்தபோது, நல்ல சொற்கள் காதில் விழுகின்றனவே என்று அவர் சிறையிருப்பைப் பாக்கியமாக எண்ணினாராம். அந்தப் பாக்கியம் நடந்து வீட்டுக்கே வந்திருக்கிறது. ஒட்டகம் தண்ணீர் குடிக்கும் விதங்களுக்குப் பதினேழு சொல், மணல்மேட்டின் முதுகுக்கு ஒன்று, அதன் விலாவுக்கு ஒன்று என்று இருவரும் அள்ளினார்கள். கூடாரத்துக்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு கட்டி கருப்பட்டி என்றார்கள். அபூர்வமான சொல்லுக்கு இரண்டு. நான்காம் நாள் ஒரு துடுக்குக்காரன், இல்லாத சொற்களைச் சொந்தமாகப் பண்ணி விற்கத் தொடங்கினான். தொண்டை லெப்பை பன்னிரண்டு வாங்கினார், வால் ஆலிம் பதினைந்து. ஆனால் மூணெழுத்தை இருவரும் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பது ஒன்று. இருபத்திரண்டு வருசம் எழுதியது தப்பென்று ஒரு ஒட்டகக்காரன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

பதினோராம் நாள் மைமூன் நாச்சி குடையை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனாள்.

கூடாரங்களுக்கு அப்பால் ஒரு பெண், ஏறக்குறைய அவள் வயதுதான், ஒட்டகத்தின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பெயர் ஹுனைதா. வலது புருவத்தில் ஒரு தழும்பு. பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்தது.

"சொல் வாங்க வந்தாயா? உன் ஊர்க் கிழவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்களே."

"அவர்கள் வாங்காத ஒன்று இருக்கிறது," என்று மைமூன் அந்தச் சொல்லைச் சொன்னாள். பதினொரு வருசமாக அடுப்படியில் சொன்ன சொல்லை, அது பிறந்த மொழிக்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல்முறை.

ஹுனைதா உண்ணியை நசுக்கிப் போட்டாள். "இதுவா? இதை நாங்கள் தினமும் காலையில் சொல்கிறோம். இதில் உனக்கு என்ன?"

மைமூன் மணலில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள். நாற்பத்தொரு நாள், ஏழாவது வரி, ஏழு பாட்டு, நிலைப்படி. முடிந்ததும் ஹுனைதா, "பதினொரு வருசமா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு, "உன் கிழவர்கள் இருவரில் யாராவது ஒருமுறையாவது ஒட்டகத்தைக் கட்டியிருக்கிறார்களா?" என்றாள்.

"எங்கள் ஊரில் ஒட்டகம் இல்லை."

"பாட்டில் ஒட்டகம் இருந்தது, ஊரில் இல்லை. அதுதான் விஷயம். வா, காட்டுகிறேன்."

"இல்லை," என்றாள் மைமூன். "எனக்கு மட்டும் காட்டினால் போதாது. நான் போய்ச் சொன்னால், ஆசைக்குச் சொல்கிறாள் என்பார்கள். எல்லோருக்கும் முன்னால் காட்டு."

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஊர் தேரிக்குத் திரண்டது. கூடாரத்துக்காரர்கள் தங்கள் பெரிய கூடாரத்தின் ஓரங்களைத் தூக்கிக் கட்டி நிழல் போட்டார்கள். ஒரு பக்கம் காழியாரும் அகராதிக்காரர் இருவரும் ஊர் ஆண்களும், ஒரு பக்கம் பெண்கள். மைமூன் நாச்சி முன்வரிசையில் மணலில் விரித்த கம்பளியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் இத்ரீஸின் உம்மா. தவசிக்கனியும் அவன் ஆட்களும் பனைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்றார்கள்.

ஹுனைதா ஒரு பெண் ஒட்டகத்தை நடத்திவந்து நடுவில் படுக்கவைத்து, மடக்கிய முன்னங்காலைக் கயிற்றால் கட்டினாள். பிறகு எல்லோருக்கும் கேட்க அந்தச் சொல்லைச் சொன்னாள். ஆண்கள் பக்கம் கொத்தாக இருமல் எழுந்தது. அவள் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்த கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒட்டகத்தின் தோள்மேல் போட்டாள். இரண்டடி பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒட்டகம் அசைபோட்டது.

ஊர் காத்திருந்தது. ஒட்டகம் எழவும் இல்லை, போகவும் இல்லை. இமைகளைத் தாழ்த்தி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி அசைபோட்டது.

"அம்மா," என்றார் தொண்டை லெப்பை, புத்தக அரபியில், பொறுமை இழந்து. "அது எழுந்து மேயப் போகவேண்டுமே?"

"இல்லை, இவள் ஏறிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பொருள் முடியும்," என்றார் வால் ஆலிம்.

"முடிந்துவிட்டது," என்றாள் ஹுனைதா. "நான் சொன்னேன், அவிழ்த்தேன், கயிற்றை அவள் தோளில் போட்டேன். என் வேலை அவ்வளவுதான். சில நாள் இவள் எழுந்து மேயப் போவாள். சில நாள் நின்று என்னை ஏற்றிக்கொள்வாள். உங்கள் பாட்டுக்காரர்களில் மூன்று பேரின் ஒட்டகம் போயிருக்கும், நான்கு பேருடையது நின்றிருக்கும். சொல் ஒன்றுதான். எஞ்சியது ஒட்டகத்தின் பாடு."

இரு அகராதிக்காரர்களும், இருபத்திரண்டு வருசத்தில் முதன்முறையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

காழியாருக்குக் கேட்டது மட்டும் போதவில்லை. எழுந்து போய் ஒட்டகத்தின் தோளில் கிடந்த கயிற்றைக் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், திரும்பிவந்து உட்கார்ந்தார். "தஃப்வீள்," என்றார் தனக்குள்ளே. பிறகு ஊருக்கு விளங்கும்படி தமிழில் சொன்னார்: "புருசன், பிரிகிற உரிமையைப் பெண்டாட்டி கையிலேயே ஒப்படைக்கிறது. மார்க்கத்துலெ அதுக்கு இடம் இரிக்கி. இத்ரீஸ் அனுப்பினது தலாக்கும் இல்லெ, காத்திருன்னும் இல்லெ. முடிவை இந்தப் பிள்ளை கையிலெ கொடுத்திரிக்கார். நாமதான் பதினொரு வருசமா அதைப் பிரிச்சுப் படிக்கலெ."

பெண்கள் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது.

"மைமூன் நாச்சி," என்றார் காழியார். "ஒப்படைச்ச சேதி காதுலெ விழுந்த சபையிலேயே பதில் சொல்லணும்ங்குறது சட்டம். சேதி உனக்கு வந்து சேர்ந்தது இப்பத்தான். அதனாலெ சபை இதுதான். நீ உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கிறதுக்குள்ளெ சொல்லணும். அவசரமில்லெ மா. ஆனா சொல்லாமெ எந்திரிச்சிட்டா அந்த உரிமை முடிஞ்சுபோச்சு, பழையபடி அவர் வந்தாத்தான் வழி."

மைமூன் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருசமும் அவள் பதிலைத் தேடிக்கொண்டிருந்தாளே தவிர, பதில் தன்னிடமே கேட்கப்படும் என்று நினைத்ததில்லை. இத்ரீஸின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மீன் முள் எடுக்கும் விரல்கள் வந்தன, முகம் வரவில்லை. நல்ல மனிதன். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கெட்டவனாக இருந்தால் இந்த நேரம் சுலபமாக இருந்திருக்கும். அவன் எங்கோ ஒரு கரையில் உயிரோடு இருந்து, தன் சொல்லுக்கு அவள் பதில் சொல்வாள் என்று காத்திருந்தால்? இல்லை, கடலுக்கு அடியில் இருந்தால்? இரண்டுக்கும் அகராதியில் சொல் இருந்தது, விடை இல்லை.

அப்போது ஒட்டகம் எழுந்தது. பின்னங்காலில் முதலில், பிறகு முன்னங்காலில், கூட்டத்தை மிதிக்காமல் விலகி நடந்துபோய் உடைமரத்தில் வாய் வைத்தது.

"பாத்தியா," என்று மைமூனின் உம்மா அவள் தொடையைத் தட்டினாள். "போயிட்டு. அல்லாஹ் காட்டிட்டான்."

"உம்மா, அது பசிக்குப் போவுது," என்றாள் மைமூன். "ஒட்டகத்தைப் பாத்து நான் முடிவு எடுக்கிறதா இருந்தா, அந்தக் கயிறு என் தோள்லெ எதுக்கு?"

அதைக் கேட்டு மறுபக்கமிருந்த இத்ரீஸின் உம்மா திரும்பினாள். பெரிய குரல்காரி, அன்று மெதுவாகத்தான் பேசினாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா மா? நான் பெத்தவன் வருவான்னு நான் இரிக்கேன். மவுத்தாகிற வரைக்கும் இருப்பேன், அது என் வேலை. நீயும் இருக்கணும்னு நெனச்சுத்தான் பெருநாளைக்குப் பெருநாள் சேலை அனுப்புனேன். உன்னைப் பிடிச்சு வச்சிரிந்தா அவன் உசுரோட இரிக்கான்னு எனக்கு ஒரு இது. அது தப்பு. எனக்காக நீ இருக்காதே."

மைமூன் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் கூடாரத்துக்குள் ஒரு முழம் நகர்ந்து வந்தது. ஆண்கள் பக்கம் யாரோ கால் மரத்துப்போய் நீட்டினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிறகு அவள் தலையை நிமிர்த்தி, காழியாரைப் பார்த்து, உரக்கச் சொன்னாள்.

"அவிழ்த்துக்கிட்டேன்."

எந்த மொழியில் சொன்னால் செல்லும் என்று அவள் கேட்கவில்லை, காழியாரும் கேட்கவில்லை. சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைத்தார். முதல் சாட்சியாகத் தொண்டை லெப்பையும் இரண்டாம் சாட்சியாக வால் ஆலிமும், கல்யாணம் முறிந்ததென்று எழுதிய ஒரே தாளில் அடுத்தடுத்து ஒப்பமிட்டார்கள். மைமூன் நாச்சி எழுந்தாள். கால் மரத்திருந்தது, ஹுனைதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பனை உச்சிகளிலிருந்து குலவைபோல ஒரு சத்தம் கிளம்பியது. பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள். இத்ரீஸின் உம்மா தன் முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு வீட்டுக்கு வா, ரெண்டு பேரும் சேந்து சாப்புடலாம்," என்று சொல்லி நடந்தாள்.

அதற்கு நான்காம் நாள் வடமேற்கே மின்னியது. கூடாரத்துக்காரர்கள் எண்ணத் தொடங்கினார்கள். எழுபது ஆனதும் கூடாரம் பிரித்து, கருப்பட்டி மூட்டைகளை ஏற்றி, ஊர் முழுக்கச் சலாம் சொல்லிக் கிளம்பினார்கள். விற்ற சொற்களில் இருபத்தேழு பொய் என்று ஹுனைதா போகும்போது மைமூனிடம் ஒப்புக்கொண்டு, எவையென்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மைமூன் அந்தப் பட்டியலை இரண்டு அகராதிக்காரர்களுக்கும் அனுப்பினாள். தொண்டை லெப்பை நன்றி சொல்லி ஆளனுப்பினார். வால் ஆலிம், அவற்றில் இரண்டு நல்ல சொற்கள், அடிக்க மனமில்லை, இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

கடைசி ஒட்டகம் பனங்கூட்டத்துக்குப் பின்னால் மறைந்த காலையில் மைமூன் நாச்சி சன்னலோரம் உட்கார்ந்து, வெறுமையாக விட்ட அரைப் பக்கத்தைத் திறந்தாள். வேரை எழுதினாள். மேலத்தெரு உவைஸ் லெப்பை சொன்னது இது, பொருந்தும் என்று எழுதினாள். கீழத்தெரு மொகுதூம் ஆலிம் சொன்னது இது, அதுவும் பொருந்தும் என்று எழுதினாள். அதன் கீழே, "கயிற்றை அவிழ்த்து, கட்டப்பட்டிருந்தவளின் தோளிலேயே போடுதல், போவதும் இருப்பதும் அவள் இஷ்டம்" என்று எழுதினாள். பழைய அகராதி ஆசான்கள், ஏட்டில் படித்த சொல்லுக்கு ஏட்டின் பெயரையும், காதால் கேட்ட சொல்லுக்குக் கேட்ட விவரத்தையும் தவறாமல் குறிப்பார்கள். அவளும் குறித்தாள்:

"இதைத் தேரிக்கு வந்த ஹுனைதாவின் வாயால் நானே கேட்டேன். கேட்ட இடத்திலேயே எழுந்தேன்."

மை காயும்வரை ஊதினாள். பக்கத்தைப் புரட்டி அடுத்த சொல்லுக்குப் போனாள்.